பச்சை அம்பு எப்படி வரையப்படுகின்றது? பங்குச் சந்தைக் குறிகாட்டியை நாமே எழுதிப் பார்த்தல்

பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தில், அப்பாயியின் தகரப் பெட்டிக்குள் ஒரு பங்குச் சான்றிதழ் கிடக்கின்றது. 1992இல் அரசாங்கம் தோட்டங்களின் முகாமையைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தது. 1990களின் நடுப்பகுதியில் அந்தக் கம்பனிகளின் பங்குகளை விற்கத் தொடங்கியபோது, 51 வீதம் தனியாருக்குப் போனது; 10 வீதம் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பகிரப்பட்டது. அதில் ஒரு துளிதான் அப்பாயிக்குக் கிடைத்த அந்தக் காகிதம். அது என்னவென்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. அடையாள அட்டை, ஈபிஎஃப் கடிதம், மரணச் சான்றிதழ்கள் எல்லாவற்றோடும் சேர்த்துத் துணியில் கட்டி வைத்துவிட்டார்.

அந்தக் கட்டை நான் மறுபடி அவிழ்த்தது, கிளிநொச்சியில் இருக்கும் பெரியப்பாவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிய பிறகுதான். 1983 வன்செயலுக்குப் பிறகு பதுளையை விட்டு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து வன்னிக்குள் போய், 2009இல் முள்ளிவாய்க்கால் வழியாக மெனிக் பாம் முகாமுக்கு வந்த குடும்பம் அது. தம்பி அனுப்பிய படத்தில் ஒரு விலைக்கோடு இருந்தது. கோடு இறங்கித் திரும்பிய ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பச்சை அம்பு, ஏறித் திரும்பிய ஒவ்வொரு உச்சியிலும் ஒரு சிவப்பு அம்பு. ஒன்றுகூடத் தவறவில்லை.

"அக்கா, இந்த சொப்ட்வெயார மாசம் ஐயாயிரத்துக்குக் குடுக்கிறாங்கள். அம்மாட சங்கிலிய அடகு வச்சா ஆறு மாசத்துக்குக் கட்டலாம், மிச்சத்த முதலாப் போடலாம். இது உண்மையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது ஊடகக் கற்கை. கணினி நிரல் எழுதும் வேலை அல்ல. ஆனாலும் அந்த அம்பை வரைவது எப்படியென்று கற்றுக்கொண்டால் அது உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது. சில மாதங்கள் இரவுகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகின்றேன். இப்படியொரு படம் உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கலாம்.

ஐந்து எண்கள்

தொழில்நுட்பக் குறிகாட்டி என்று எவ்வளவு பெரிய பெயர் வைத்தாலும், அதற்குள் போகும் சரக்கு சின்னது. ஒரு பங்குக்கு ஒரு நாளைக்கு ஐந்து எண்கள்: ஆரம்ப விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, இறுதி விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. பெரும்பாலான குறிகாட்டிகளுக்கு இறுதி விலை ஒன்றே போதும். கம்பனியின் கடன், தோட்டத்து மழை, கொழும்புத் தேயிலை ஏலத்தில் கிடைத்த விலை எதுவும் அதற்குத் தெரியாது.

நகரும் சராசரியில் தொடங்குவோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் ஐந்து நாட்கள் பறித்த கொழுந்து 18, 20, 17, 22, 23 கிலோ என்று வையுங்கள். கூட்டினால் 100, ஐந்தால் வகுத்தால் 20. ஆறாம் நாள் மழை, 14 கிலோதான். இப்போது முதல் நாளின் 18ஐத் தள்ளிவிட்டு 14ஐச் சேர்க்க வேண்டும். கூட்டுத்தொகை 96, சராசரி 19.2. மென்பொருள் செய்வதும் இதைத்தான்: புதிய எண்ணிலிருந்து வெளியேறும் எண்ணைக் கழித்து, ஐந்தால் வகுத்து, நேற்றைய சராசரியோடு சேர்க்கின்றது. நிரலில் இது ஒரே வரி.

அந்த ஒரு வரியை என் கையால் எழுதியபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. சராசரிக்கோட்டை இன்று வந்த எண் எவ்வளவு அசைக்கின்றதோ, வெளியேறும் பழைய எண்ணும் அவ்வளவு அசைக்கின்றது. ஏழாம் நாள் 20 கிலோ பறித்தால், வெளியேறுவதும் 20, கோடு அசையாது. மழைக்குப் பிறகு பறிப்பு மீண்டுவிட்டது என்ற செய்தியே அதில் இல்லை. "சராசரிக்கோடு திரும்பிவிட்டது, வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால், திருப்பியது இன்றைய விலையா, ஐம்பது நாட்களுக்கு முந்தைய விலையா என்று நான் இப்போது கேட்கின்றேன்.

இந்தக் குறைக்கு மருந்தாக வந்தது அடுக்கேற்ற நகரும் சராசரி. அதில் பழைய எண் திடீரென்று வெளியேறாது. நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகும். ஐந்து நாள் கணக்கென்றால், இரண்டை ஆறால் வகுத்து வரும் மூன்றில் ஒரு பங்கு புதிய எண்ணுக்கு. நேற்றைய சராசரி 20, இன்று 14 என்றால், வித்தியாசமான 6இல் மூன்றிலொன்று 2, ஆகவே 18. மறுநாள் 20 வந்தால் 18.67. சாதாரண சராசரி அசையாமல் நின்ற இடத்தில் இது எழும்புகின்றது.

தாளில் போட்ட கணக்கு

ஆர்எஸ்ஐ என்ற குறிகாட்டியை வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1978இல் வெளியிட்ட நூலொன்றில் அறிமுகப்படுத்தினார். அப்போது வீட்டுக்கு வீடு கணினி இல்லை. எனவே நேற்றைய விடையையும் இன்றைய விலையையும் மட்டும் வைத்துத் தாளில் போடக்கூடிய கணக்காக அதை அமைத்தார். எங்கள் கணக்கப்பிள்ளை செக்ரோல் எழுதிய முறையும் கிட்டத்தட்ட அதுதான். நேற்றைய கூட்டுத்தொகை கையில் இருந்தால் பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை.

கணக்கு இதுதான். விலை ஏறிய நாட்களின் ஏற்றத்துக்கு ஒரு சராசரி, இறங்கிய நாட்களின் இறக்கத்துக்கு ஒரு சராசரி. ஏற்றத்தின் சராசரியை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஆர்எஸ்ஐ. புத்தகங்களில் வரும் சூத்திரம் சிக்கலாகத் தெரிந்தாலும் சுருக்கினால் இவ்வளவுதான். 70க்கு மேலே போனால் அதிகம் வாங்கப்பட்டுவிட்டது, 30க்குக் கீழே போனால் அதிகம் விற்கப்பட்டுவிட்டது என்பது வழக்கம்.

சராசரியை வைல்டர் எப்படிப் போட்டார் என்பதில்தான் புதிதாக எழுதுபவர்கள் விழுகின்றார்கள். நானும் விழுந்தேன். நேற்றைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றையதைச் சேர்த்து, 14ஆல் வகுப்பது அவரது முறை. நான் மேலே சொன்ன அடுக்கேற்ற சராசரியை எடுத்து, இரண்டை 15ஆல் வகுத்த பங்கைப் போட்டுவிட்டேன். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஏற்றத்தின் சராசரி 1.20 ரூபா, இறக்கத்தின் சராசரி 0.80 ரூபா என்றால் ஆர்எஸ்ஐ 60. மறுநாள் பங்கு 3 ரூபா விழுகின்றது. வைல்டர் முறைப்படி 53.8. என் பிழையான முறைப்படி 48.8. ஒரே பங்கு, ஒரே நாள், இரண்டுக்கும் பெயர் 14 நாள் ஆர்எஸ்ஐ. ஒன்று நடுக்கோடான 50க்கு மேலே நிற்கின்றது, மற்றது கீழே நிற்கின்றது. 50ஐத் தாண்டினால் வாங்கு, இறங்கினால் வில் என்று ஒரு விதி வைத்திருந்தால், ஒரு மென்பொருள் வைத்திரு என்கும், மற்றது விற்கச் சொல்லும்.

நான் என் கணக்கை ட்ரேடிங்வியூ தளத்தில் வரும் எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் பிழையைக் கண்டேன். தொடங்கும் இடமும் முக்கியம். முதல் சராசரிக்கு 14 வித்தியாசங்கள் வேண்டும். அதற்கு 15 நாள் விலை வேண்டும். அதற்குப் பிறகும், தொடக்கத்தின் வாசனை கணக்கிலிருந்து போக நூறு நாளுக்கு மேல் ஆகின்றது. இருபது நாள் விலையை மட்டும் வைத்து ஒருவர் காட்டும் ஆர்எஸ்ஐ இன்னும் வேகாத சோறு.

இவற்றையெல்லாம் எழுதிப் பார்க்க விலைகூடிய மென்பொருள் தேவையில்லை. எக்செல் போதும். அதன் பிறகு பைதன், அல்லது ட்ரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்ட். மெட்டாட்ரேடர், அமிபுரோக்கர் போன்றவற்றுக்கும் தனித்தனி நிரல்மொழிகள் உண்டு. எந்த மொழியானாலும் முதலில் பத்து நாள் விலையைத் தாளில் எழுதிக் கையால் கணக்குப் போட்டு, நிரல் தரும் விடையோடு ஒத்துப்பாருங்கள். லயத்தில் சிக்னல் இல்லாத இரவுகளில் எனக்குத் தாள்தான் கைகொடுத்தது.

கொழும்புச் சந்தையின் ஓட்டைகள்

இலங்கையில் பங்கு வியாபாரம் தொடங்கியதே தோட்டங்களுக்குப் பணம் திரட்டத்தான். 1896இல் கொழும்புப் பங்குத் தரகர்கள் சங்கம் உருவானபோது கைமாறியவற்றில் தேயிலைத் தோட்டக் கம்பனிகளின் பங்குகள் முக்கியமானவை. வேறு கம்பனிகள் லண்டனில் பதிவானவை. எங்கள் ஆட்கள் பறித்த கொழுந்தின் இலாபம் ஸ்டெர்லிங்கில் எண்ணப்பட்டது. காலம் சுழன்று, 2011 முதல் லண்டன் பங்குச் சந்தையின் வர்த்தகம் ஓடுவது மாலபேயில் எழுதப்பட்ட மென்பொருளில். மில்லேனியம் ஐரீ என்ற அந்த இலங்கைக் கம்பனியை லண்டன் சந்தை 2009இல் வாங்கிவிட்டது.

இன்றும் கொழும்புச் சந்தையின் பட்டியலைத் திறந்தால் நமுனுகுல, மடுல்சீம என்று எங்கள் மலைகளின் பெயர்கள் வருகின்றன. ஆனால் தோட்டக் கம்பனிப் பங்குகளில் பல, சில நாட்களில் மிகக் குறைவாகவே கைமாறுகின்றன. அமெரிக்காவின் பெரிய பங்குகளை மனதில் வைத்து எழுதிய குறிகாட்டி இங்கே தடுக்கி விழுகின்றது.

ஒரு பங்கின் விலை நாட்கணக்கில் அசையவில்லை என்று வையுங்கள். வைல்டர் முறையில் ஏற்றம், இறக்கம் இரண்டின் சராசரியும் ஒரே அளவில் தேயும்; ஆகவே ஆர்எஸ்ஐ கடைசியாக நின்ற எண்ணிலேயே உறைந்து நிற்கும். சாதாரணச் சராசரியில் எழுதியிருந்தால் பதினான்கு நாளில் இரண்டும் பூச்சியமாகிவிடும். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது. "இறக்கம் பூச்சியமென்றால் 100 என்று காட்டு" என்று எழுதியவர் சோம்பேறித்தனமாக ஒரு வரி போட்டிருந்தால், யாருமே தொடாத பங்கு "அதிகம் வாங்கப்பட்டது" என்று திரையில் மின்னும்.

நாட்களிலும் ஓட்டை உண்டு. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை சந்தை மூடிக் கிடந்தது. பொருளாதாரம் கவிழ்ந்த 2022 ஏப்ரலில் புத்தாண்டுக்குப் பிறகு ஒரு வாரம் மூடினார்கள். மென்பொருளுக்கு 14 நாள் என்பது பதினான்கு வர்த்தக நாள். இடையில் ஒன்றரை மாதம் போயிருந்தாலும் நேற்றும் இன்றும் என்றே எண்ணும். அந்தக் காலத்தைத் தாண்டும் கோட்டில் வரும் சமிக்ஞையை நான் கணக்கில் எடுப்பதில்லை.

பங்குப் பிரிப்பு இன்னொரு பொறி. நூறு ரூபாப் பங்கு ஒன்றை ஐந்தாகப் பிரித்தால் மறுநாள் விலை இருபது ரூபாவாக இருக்கும். யாரும் ஒரு சதமும் இழக்கவில்லை. பழைய விலைகளை ஐந்தால் வகுத்துத் திருத்தாத தரவில், குறிகாட்டிக்கு அது 80 வீத வீழ்ச்சி. உடனே பச்சை அம்பு.

கட்டணத்தைப் பலரும் மறந்துவிடுகின்றார்கள். சிறு முதலீட்டாளர் ஒருவர் வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம். நூறு ரூபாவை ஒருமுறை போட்டு எடுத்தால் 2 ரூபா 24 சதம் போய்விடும். ஆண்டுக்கு இருபது முறை வாங்கி விற்கச் சொல்லும் குறிகாட்டி, முதலில் 44 ரூபா 80 சதத்தைச் சம்பாதித்துக் கொடுத்தால்தான் உங்கள் நூறு நூறாகவே இருக்கும். நான் பெருமையோடு எழுதிய சராசரி வெட்டுப்புள்ளிச் சோதனை ஒன்று, கட்டணத்தைக் கழிக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் இலாபத்திலிருந்து நட்டத்துக்குப் போனது.

2021இல் இதையெல்லாம் யாரும் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அந்த ஆண்டில் 6,774இலிருந்து 12,226க்கு ஏறியது. எந்தக் குறிகாட்டியைப் போட்டாலும் வென்றதுபோலத் தெரிந்தது. யூரியூப்பில் ஆசான்கள் முளைத்தார்கள். அதே ஆண்டில்தான் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மலையில் கொழுந்து சிறுத்ததை நிறுவைத் தராசில் எங்கள் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2022 முடியும்போது சுட்டெண் 8,489.

அந்த அம்பு

இனித் தம்பி அனுப்பிய படத்துக்கு வருகின்றேன். ஒன்றுகூடத் தவறாத அம்புகளை நானும் வரைந்துவிட்டேன். அதற்கு ஒரே ஒரு விதி போதும்: ஒரு நாளின் தாழ்ந்த விலை, அதற்கு முந்தைய இரண்டு நாட்களையும் பிந்தைய இரண்டு நாட்களையும் விடக் குறைவாக இருந்தால், அந்த நாளின் கீழே பச்சை அம்பு போடு. உச்சிக்கு இதையே மாற்றிப் போட்டால் சிவப்பு அம்பு.

அப்பாயியின் கம்பனிப் பங்கின் பழைய விலையில் இதை ஓடவிட்டேன். பள்ளந்தோறும் பச்சை, உச்சிதோறும் சிவப்பு. தம்பியின் படம் போலவே அச்சொட்டாக இருந்தது. கடைசி இரண்டு நாட்களில் மட்டும் அம்பு இல்லை. வரவும் முடியாது, பிந்தைய இரண்டு நாட்கள் இன்னும் பிறக்கவில்லையே.

சூட்சுமம் முழுவதும் இதில்தான். திங்கட்கிழமையின் கீழே நிற்கும் அம்பு, புதன்கிழமை சந்தை மூடிய பிறகு திங்கட்கிழமைக்குத் திரும்பிப்போய் வரையப்பட்டது. திங்களன்று திரையைப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது. அதைப் பார்த்து வாங்குபவர் வியாழக்கிழமை விலையில்தான் வாங்க முடியும். அதற்குள் விலை ஏறியிருக்கும், அல்லது மீண்டும் விழத் தொடங்கியிருக்கும். விதி தன்னளவில் பொய்யல்ல, இதே வகைக் குறிகாட்டி பில் வில்லியம்ஸின் பெயரில் பல மென்பொருள்களில் வெளிப்படையாகவே இருக்கின்றது. எத்தனை நாள் தாமதமாக அம்பு வந்தது என்பதை மறைத்து விற்பதுதான் மோசடி.

இன்னொரு வகை இதைவிட மோசம். அதில் அம்பு முதலில் வரும். விலை எதிர்த்திசையில் போனால் சத்தமில்லாமல் அழிந்துவிடும். கடந்த காலத்தைக் காட்டும் படத்தில் வென்றவை மட்டும் மிஞ்சும். தோற்றவர்களின் பெயரைச் செக்ரோலிலிருந்து வெட்டிவிட்டு, எல்லோரும் பேர் போட்டார்கள் என்று துரைக்குக் காட்டுவதுபோல.

நிரல் தெரியாதவரும் இதைப் பிடிக்கலாம். தினமும் சந்தை மூடியதும் அந்தத் திரையைப் படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அன்றைய படங்களையும் இன்றைய திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று இல்லாத அம்பு இன்று நிற்கின்றதா? அன்று நின்ற அம்பு இன்று இருக்கின்றதா? இதைச் செய்ய இரண்டு வார இலவசப் பாவனை கேளுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். மூல நிரலைக் காட்டச் சொல்லும்படியும் சொன்னேன். அவன் அந்தக் குழுவில் கேட்டிருக்கின்றான். அன்றிரவே அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சங்கிலி ஏற்கனவே அடகில் இருந்தது. என்னிடம் கேட்பதற்கு முன்பே முதல் மூன்று மாதத்துக்கான பணத்தைக் கட்டியிருக்கின்றான், சொல்ல வெட்கப்பட்டிருக்கின்றான். மிச்சப் பணத்தில் பாதியை அவர்கள் சொன்ன வெளிநாட்டு நாணய வர்த்தகக் கணக்கு ஒன்றில் போட்டிருந்தான். அங்கே திரையில் ஓடும் விலையே அந்தத் தரகரின் சேர்வரிலிருந்து வருவது. நல்ல பெயருள்ள மென்பொருளாக இருந்தாலும், எதிர்முனையில் இருப்பவர் யாரென்று மென்பொருள் சொல்லாது. மெட்டாட்ரேடர் திரை திறக்கின்றது என்பதற்காகப் பணம் பத்திரமாக இருக்கின்றது என்று அர்த்தமில்லை. அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

அவன் மட்டுமல்ல. தானே வர்த்தகம் செய்யும் மென்பொருள் என்று சொல்லிப் பல நாடுகளில் பணம் திரட்டிய எம்டிஎஃப்இ 2023இல் சரிந்தது. அதே ஆண்டில் இலங்கை மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களை நடத்தியவையாகப் பெயர் குறிப்பிட்டு அறிவித்த நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் அவ்வாறான திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் ஆட்களைச் சேர்ப்பதும் குற்றம். தன் மச்சானையும் பக்கத்து வீட்டாரையும் நல்லெண்ணத்தோடு சேர்த்துவிட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பங்கு என்றால், தரகர் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றவரா என்று பார்க்கலாம். வாங்கிய பங்கு உங்கள் பெயரில், சிடிஎஸ் என்று அழைக்கப்படும் மத்திய வைப்பகக் கணக்கில் இருக்க வேண்டும். டெலிகிராம் குழு நடத்துபவரின் பெயரில் அல்ல.

குறிகாட்டிகளே பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. விலையின் போக்கை ஒரே பார்வையில் பார்க்க நகரும் சராசரி உதவுகின்றது. இன்றைக்கும் நான் அதைப் போட்டுப் பார்க்கின்றேன். ஆனால் ஜூலையில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இந்த ஆண்டு ஊவாத் தேயிலை மணக்குமா என்று மலையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதில் இருக்கும் செய்தி, நான் எழுதிய எந்த நிரலிலும் இல்லை.

தம்பி இப்போது எக்செலில் ஆர்எஸ்ஐ போடுகின்றான். வைல்டரின் 13ஐயும் 14ஐயும் முதல் தடவையிலேயே சரியாகப் போட்டுவிட்டான், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அப்பாயியின் பங்கில் அவனுக்கும் உரிமை இருக்கின்றது. அதை விற்பதானால் காகிதத்தைத் தரகர் மூலம் சிடிஎஸ் கணக்கில் வைப்புச் செய்ய வேண்டும். அப்பாயி இல்லாதபடியால் வாரிசுப் பத்திரங்களும் வேண்டும். சான்றிதழில் அவர் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, ஈபிஎஃப் கடிதத்தில் இன்னொரு மாதிரி எழுதப்பட்டிருக்கின்றது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கிராம சேவகரிடம் கடிதம் கேட்டிருக்கின்றோம். பெரியப்பாவின் பிறப்புச் சான்றிதழ் 1983இல் எரிந்த வீட்டோடு போனதால், பதுளைக் கச்சேரியில் அதன் பிரதிக்கும் எழுதிக் கொடுத்திருக்கின்றோம்.